நாலு வருடம், ஒரு டைனமிக் மைக், ஒரு வாத்தியார் தொண்டை

2021 கடைசியில் வாங்கிய ஷூர் எஸ்.எம்.58 என்ற டைனமிக் மைக்கைத்தான் இன்றுவரை பாவிக்கிறேன். பகலில் பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறேன். என் சொந்தப் பாடல்களை கொழும்பு வெள்ளவத்தை வீட்டிலேயே பதிவு செய்கிறேன்.

அதற்கு முன் ஒரு கண்டென்சர் மைக் வைத்திருந்தேன். கேபிள் வழியாக 48 வோல்ட் மின்சாரம் (ஃபாண்டம் பவர்) கொடுத்தால் மூச்சின் நுனியைக்கூட அள்ளிவரும். ஆனால் எங்கள் வீடு காலி வீதிக்கும் கரையோர ரயில் பாதைக்கும் இடையில் இருக்கிறது. அம்மம்மாவுக்காக எழுதிய தாலாட்டை ஒரு மாதம் பாடிப் பாடிச் சரிசெய்து, ஒருநாள் மனதுக்குப் பிடித்தபடி பாடி முடித்தேன். கேட்டுப் பார்த்தால் கடைசி வரிக்கு அடியில் ரயில் ஹோர்ன். அன்று அழுகையே வந்துவிட்டது.

எஸ்.எம்.58 1966இல் வந்தது, மேடைகளில் பெரிதும் பாவிக்கப்படுவது. முன்னால் இருப்பதைப் பிடிக்கும், முதுகுப் பக்கச் சத்தத்தைப் பெரும்பாலும் விட்டுவிடும். அதனால் மைக்கின் முதுகை யன்னலுக்குக் காட்டி வைத்துவிட்டு, எதிரொலி குறைய அலுமாரியைத் திறந்து, அம்மாவின் சேலைகளுக்கு முதுகு காட்டி நின்று பாடுகிறேன். உதட்டுக்கும் வலைக்கும் நாலு விரல் இடைவெளி. அதைவிடக் கிட்டப் போனால் அடிக்குரல் கனத்துவிடும். சூன் பாண் ஓட்டோ (பாட்டுப் போட்டுப் பாண் விற்கிற ஓட்டோ) வாசலிலேயே நின்றால் மட்டும் பாட்டை நிறுத்துவேன்.

உண்மையில் என்னைத் தடுத்தது மைக் அல்ல, தொண்டைதான். நாற்பது பிள்ளைகள், ஒரு நாளைக்கு ஐந்து பாடவேளை, பின் வாங்கு வரைக்கும் கேட்க வேண்டும். 1.30க்குப் பாடசாலை விட்டு வந்து பாடினால் மேல் பஞ்சமத்தில் குரல் கீறும். விடிய 4.30க்கு எழும்பியும் பார்த்தேன். வீதி அமைதி, ஆனால் தூங்கி எழும்பிய குரல் தடித்திருக்கும். பல்லவியை விடியலிலும் சரணத்தைச் சனிக்கிழமையிலும் பாடி ஒட்டினேன். இரண்டு பேர் பாடியதுபோல் இருந்தது. இப்போது ஒரு பாட்டின் குரல் முழுவதையும் ஒரே சனிக்கிழமையில் முடிக்கிறேன். கிற்றார், தாளம், கோரஸ் எல்லாம் வாரநாள் மாலைகளில்.

என் பாட்டுக்கு அதிகம் உதவிய பொருள் எதுவென்று கேட்டால், வகுப்புக்கென்று வாங்கிய இடுப்பில் கட்டும் சின்ன ஒலிபெருக்கி என்றுதான் சொல்வேன். ஒரு தவணைக்குள் வெள்ளிக்கிழமைக் கரகரப்பு குறைந்தது. பாடுகிற ஆசிரியர்கள் மைக்குக்கு முன் அதை வாங்குங்கள்.

2022 மின்வெட்டுக் காலத்திலும் பதிவு நிற்கவில்லை. மைக்கை லாப்டாப்போடு இணைக்கும் இன்டர்ஃபேஸ் யூஎஸ்பி வழியாக லாப்டாப்பிலிருந்தே மின்சாரம் எடுக்கும். கரண்ட் போனதும் அக்கம்பக்கத்து மின்விசிறிகள் எல்லாம் நின்றுபோகும். ஃபிளாட் ஜெனரேட்டர் உறுமத் தொடங்கும் முன் ஒரு சரணம் பாடிவிடலாம். அந்த இருட்டில் எடுத்த இரண்டு பதிவுகளை இன்னும் மிஞ்ச முடியவில்லை.

கவனிக்க வேண்டியது கடற்காற்று. ஒரு கேபிளின் முனையில் பச்சை படிந்து, பாட்டுக்கு நடுவில் கரகரவென்று சத்தம் வந்தது. இப்போது கேபிள்களை மூடிய டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைக்கிறேன், மாதம் ஒருமுறை துடைக்கிறேன்.

டைனமிக் மைக்குக்குக் கெயின், அதாவது மைக்கின் சத்தத்தைக் கூட்டும் அளவு, நிறைய வேண்டும். கிசுகிசுப்பாகப் பாடுகிறவர்களுக்குப் பின்னணி இரைச்சல் ஏறும். அப்படிப் பாடுகிறவர்களில் அமைதியான அறை உள்ளவர்கள் கண்டென்சரே எடுக்கலாம். தாலாட்டை எஸ்.எம்.58இல் திரும்பப் பாடினேன். அந்த மூச்சின் நுனி இதில் இல்லை, ஆனால் கடைசி வரி முழுதாக இருக்கிறது.