கடலூர் உப்புக்காற்றில் ஒரு அம்பாசடர் எஞ்சின்: எந்தப் பூச்சு நின்றது, எது உதிர்ந்தது

தேவனாம்பட்டினம் பக்கம் கார் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை நன்றாகத் தெரியும். வெளியே பாடி பளபளவென்று இருக்கும். பேனட்டைத் தூக்கினால் பிராக்கெட்டெல்லாம் துரு, அலுமினியப் பாகங்கள் வெள்ளை பூத்துக் கிடக்கும். மழையில் நனைந்தால்தான் இப்படி ஆகும் என்று இல்லை. கடல்காற்றில் வந்து படியும் உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினாலே ஈரத்தை இழுத்துத் தானாகக் கரைந்துவிடும். நம் ஊரில் ராத்திரி நேரத்தில் பெரும்பாலும் அதற்கு மேல்தான் இருக்கிறது. ஆகவே ஷெட்டுக்குள் சும்மா நிற்கிற வண்டியின் எஞ்சின் மேலும் உப்புத்தண்ணீர் படிந்தபடியேதான் இருக்கும்.

என்னிடம் இருப்பது அப்பா வாங்கிய 1489 சிசி பெட்ரோல் அம்பாசடர். பிளாக் (சிலிண்டர்கள் இருக்கும் எஞ்சின் உடல்), அதன் மேல் மூடும் ஹெட், புகையை வெளியே கொண்டுபோகும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் மூன்றும் வார்ப்பிரும்பு. எஞ்சின் மேல்மூடியான டேப்பெட் கவர், அடியில் ஆயில் நிற்கும் சம்ப், ஏர் கிளீனர் டப்பா எல்லாம் தகடு. தெர்மோஸ்டாட் ஹவுசிங் அலுமினியம். 2019-ல் எஞ்சினை இறக்கி வேலை பார்த்தபோது, வெளிப்பாகங்களுக்கும் சேர்த்து நல்ல பூச்சு கொடுத்துவிடுவோம் என்று முடிவு செய்தேன். அதன்பிறகு வண்டி நின்ற நாள் குறைவு. பாண்டிச்சேரிக்கும் சிதம்பரத்துக்கும் ஓடிக்கொண்டேதான் இருக்கிறது. இத்தனை வருடத்தில் எந்தப் பூச்சு என்ன ஆனது என்பதை எழுதி வைத்தால், இதே வேலையில் இறங்குகிற யாருக்காவது பணம் மிஞ்சும்.

பூச்சின் பெயரை விட, அது போகிற பாகம் எவ்வளவு சூடாகும் என்பதுதான் முக்கியம். பிளாக்கின் வெளிப்பக்கமும் டேப்பெட் கவரும் 100 டிகிரி செல்சியஸை ஒட்டித்தான் இருக்கும். அதிலேயே ஒரு சாண் தள்ளி இருக்கிற எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் 400, 500 டிகிரி வரை போகும். இரண்டுக்கும் ஒரே டப்பாவை வைத்து அடித்துத் தருகிற இடங்கள் நிறைய உண்டு. வண்டி டெலிவரி எடுக்கும் நாளில் பார்க்க அழகாக இருக்கும், அவ்வளவுதான்.

அடுத்தது சுத்தம் செய்வது. எனக்கு ஆன மொத்தச் செலவில் பாதிக்கு மேல் இதற்கே போனது. அதில் ஒரு ரூபாய் கூட வீண் என்று நான் நினைக்கவில்லை. முதலில் மண்ணெண்ணெயும் கம்பி பிரஷும், அப்புறம் சோப்புத்தண்ணீர், கடைசியில் தின்னர். வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்த்துக் கறை வராத வரைக்கும் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். சிலிண்டர் கடையும் ரீபோர் பட்டறைகளில் காஸ்டிக் சோடா தொட்டி வைத்திருப்பார்கள். பிளாக், ஹெட் மாதிரி வார்ப்பிரும்புக்கு அது அருமையான வழி. அலுமினியத்தை மட்டும் அதில் போடவே கூடாது, காஸ்டிக் அதைக் கரைத்துவிடும். எந்தப் பாகம் எந்த உலோகம் என்று பட்டறையில் பக்கத்தில் நின்று சொல்லிவிட்டு வருவது நல்லது.

துரு ஆழமாக இறங்கிய பாகங்களை பிளாஸ்டிங் கொடுத்தேன், அதாவது காற்றழுத்தத்தில் துகள்களை ஊதித் துருவை உரிப்பது. இரும்புக்கு அலுமினியம் ஆக்சைடு, அலுமினியத்துக்குப் பொடிக் கண்ணாடி மணி. ஆற்று மணலை வைத்தே ஊதித் தருகிற இடங்கள் இன்னும் இருக்கின்றன. சிலிக்கா தூசி நுரையீரலை நிரந்தரமாகக் கெடுத்துவிடும். முகத்தில் கைக்குட்டை கட்டிக்கொண்டு ஒரு பையன் அந்த வேலை பார்ப்பதைப் பார்த்துவிட்டு, கூலி குறைவு என்றாலும் அங்கே கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

பிளாஸ்டிங் முடிந்த இரும்பு பச்சைப் பிள்ளை மாதிரி. நம் ஊர்க் காற்றில் ராத்திரி முழுக்க விட்டால் காலையில் மஞ்சளாகப் பூத்திருக்கும். அன்றைக்கே, முடிந்தால் சில மணி நேரத்துக்குள், முதல் கோட் ஏறிவிட வேண்டும். அதனால் ஐப்பசி, கார்த்திகையில் இந்த வேலையைத் தொடவே வேண்டாம். பங்குனி, சித்திரை வெயிலில் காலை பத்து மணிக்கு மேல் அடித்தவைதான் எனக்கு நன்றாக நின்றிருக்கின்றன.

டேப்பெட் கவர், ஏர் கிளீனர் டப்பா, டைனமோ பிராக்கெட், ஃபேன் புல்லி ஆகியவற்றை பாண்டிச்சேரி தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டையில் பவுடர் கோட்டிங் கொடுத்தேன், பெயின்ட் பொடியை ஊதி அடுப்பில் சுட்டு உருக்கிப் பிடிக்கவைக்கும் முறை அது. அங்கே அடுப்படியில் நின்ற தம்பி கவரை வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, மடிப்பில் விரலை ஓட்டி முகர்ந்தார்.

“சார், உள்ள இன்னும் ஆயில் இருக்கு. இப்படியே போட்டா பொங்கிடும்.”

“கழுவித்தானே தம்பி கொண்டுவந்தேன்?”

“கழுவினா போவாது சார். மொதல்ல வெறுமனே அடுப்புல வெச்சு எடுக்கணும். ஊறின ஆயில் எல்லாம் வெளிய வந்துரும். அப்புறம்தான் பவுடர்.”

அவர் சொன்னபடியே செய்தார். முதல் சூட்டில் மடிப்பு வழியாகப் பழுப்பாக ஒரு கோடு கசிந்து வந்ததைக் கண்ணால் பார்த்தேன். அதைத் துடைத்துத் திரும்ப பிளாஸ்ட் செய்து, மின்னேற்றிய பவுடரை ஊதி, 200 டிகிரியில் சுட்டு எடுத்தார். அந்தக் கவர் இன்று வரை ஒரு கொப்புளம் கூட இல்லாமல் இருக்கிறது. தூசியைத் துணியால் துடைத்தால் போதும். அலுமினிய வார்ப்புக்கு இந்த முன்சூடு இன்னும் அவசியம், அதன் நுண்துளைகளில் எண்ணெய் ஊறியிருக்கும்.

பவுடர் கொடுக்கிறவர்கள் இரண்டு விஷயத்தைக் கேட்டு வாங்க வேண்டும். பேக்கிங் உட்காரும் விளிம்பு, போல்ட் மரை, பேட்டரி மின்சாரம் திரும்பும் எர்த் பட்டை பிடிக்கும் இடம் மூன்றையும் சூடு தாங்கும் டேப்பும் சிலிக்கோன் அடைப்பானும் போட்டு மறைக்கச் சொல்லுங்கள். பவுடர் 60, 80 மைக்ரான் தடிமன் ஏறும், அதோடு அது மின்சாரம் கடத்தாது. எர்த் இடத்தில் பவுடர் ஏறிய ஒரு நண்பரின் வண்டியில் செல்ஃப் இழுக்கவில்லை. பேட்டரியை மாற்றிப் பார்த்த பிறகுதான் காரணமே தெரிந்தது. இரண்டாவது, பிளாஸ்டிங் மணி ஒன்று கூட உள்ளே தங்கக் கூடாது. பொருத்துவதற்கு முன் கவரை மரக்கட்டையால் தட்டி, கம்ப்ரெசர் காற்றில் ஊதி, மண்ணெண்ணெயில் அலசினோம். அலசிய தட்டின் அடியில் பொடிப்பொடியாக மணி உருண்டது. அது ஆயிலில் கலந்தால் பேரிங் போய்விடும்.

பிளாக்குக்கு பவுடர் சரிப்படாது, அதற்கு எஞ்சின் எனாமல் அடித்தேன். கீழே ஜிங்க் பாஸ்பேட் பிரைமர், மேலே மெல்லிசாக மூன்று கோட். 250 டிகிரிக்கு மேல் தாங்கும் என்று போட்டிருந்தது, பிளாக்குக்கு அது தாராளம். நிறம் கொஞ்சம் மங்கியிருக்கிறது, பிடிப்பு போகவில்லை. பெட்ரோல் பம்ப்புக்குக் கீழே கசிவு இருந்த இடத்தில் மட்டும் பெயின்ட் இளகி உரிந்தது. எந்த எனாமலும் பெட்ரோல் சொட்டிக்கொண்டே இருந்தால் நிற்காது. பம்ப் டயஃப்ரத்தை மாற்றி, உரிந்த இடத்தைத் தேய்த்துத் திரும்ப அடித்தேன்.

மேனிஃபோல்ட்தான் அதிகம் சோதித்தது. எஞ்சின் வேலை பார்த்த இடத்திலேயே ரெட் ஆக்சைடு என்கிற சாதாரண துரு பிரைமர் அடித்து, மேலே சூடு தாங்கும் சில்வர் பெயின்ட் அடித்துக் கொடுத்தார்கள். பாண்டிக்கு ஓட்டிப் போய்வந்ததுமே அப்பளமாகப் பொரிந்து உதிர ஆரம்பித்துவிட்டது. ரெட் ஆக்சைடு அந்தச் சூட்டில் கருகிவிடும், மேலே எவ்வளவு நல்ல பெயின்ட் இருந்தாலும் அதோடு சேர்ந்து வந்துவிடும். சூடு தாங்கும் சிலிக்கோன் பெயின்ட் எதுவானாலும் வெறும் இரும்பின் மேலோ, அதற்கென்றே உள்ள பிரைமரின் மேலோதான் அடிக்க வேண்டும். கனமாகவும் அடிக்கக் கூடாது.

திரும்ப பிளாஸ்ட் செய்து விஎச்டி ஃப்ளேம்ப்ரூஃப் என்கிற சூடு தாங்கும் பெயின்ட் அடித்தேன். அது சூட்டில் சுட்டால்தான் கெட்டிப்படும். 121, 204, 316 டிகிரி என்று படிப்படியாக, ஒவ்வொன்றிலும் அரை மணி நேரம் வைத்து, நடுநடுவே ஆறவிட வேண்டும். அதே பவுடர் கோட்டிங் அடுப்பில் முதல் இரண்டு சூட்டை முடித்துக்கொண்டேன். கடைசிச் சூடு வண்டியிலேயே, வெட்டவெளியில் எஞ்சினை ஓடவிட்டு. புகையும் நாற்றமும் வரும், வீட்டுக்குள் செய்யக் கூடாது. கறுப்பு இப்போது சாம்பல் நிறமாகிவிட்டது. ஸ்பேனர் பட்டுச் சுரண்டிய இடங்களில் துரு எட்டிப் பார்க்கிறது. மற்றபடி படலம் அப்படியே இருக்கிறது.

அலுமினிய ஹவுசிங்குக்கு, உலோகத்தை லேசாக அரித்துப் பிடிக்கும் எட்ச் பிரைமரும் எனாமலும் போதுமாக இருந்தது. அதில் வெள்ளை பூப்பது போல்ட் தலையைச் சுற்றித்தான் முதலில் வரும். இரும்பும் அலுமினியமும் தொட்டுக்கொண்டு நடுவே உப்புத்தண்ணீர் இருந்தால் அலுமினியம்தான் அரிபடும். ஜிங்க் பூசிய போல்ட், வாஷர் போட்டு, மரையில் கிரீஸ் தடவி முடுக்கிய பிறகு அது நின்றுவிட்டது.

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையேறியது. பாண்டியில் ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் மழை. அடுத்து சாத்தனூர் அணை நீர் வந்து தென்பெண்ணை கரை மீறியது. எங்கள் தெருவில் தண்ணீர் சம்ப் மட்டத்துக்கு நின்றது. வடிந்ததும் பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு, நல்ல தண்ணீரில் சேற்றைக் கழுவி, ஆயிலை மாற்றினேன். பூசிய பாகங்களில் பவுடருக்கும் எனாமலுக்கும் ஒன்றும் ஆகவில்லை. சம்ப்பின் அடியில் மட்டும், ரோட்டுக் கல் பட்டுத் தெறித்த புள்ளிகள் வழியாகத் துரு பூச்சுக்கு அடியில் ஊர்ந்து போயிருக்கிறது. அங்கே எனாமலுக்குப் பதிலாக எபாக்சி பிரைமர் இரண்டு கோட், அதன் மேல் ரப்பர் மாதிரி நெகிழ்கிற அண்டர்பாடி கோட்டிங் கொடுக்கலாம் என்றிருக்கிறேன். சம்ப்பை எப்படியும் இறக்க வேண்டும், பின்பக்க பேக்கிங்கிலும் ஆயில் கசிகிறது. பங்குனி வெயில் வரட்டும் என்று காத்திருக்கிறேன்.