கடலோர போர்வெல் தண்ணீரைச் சுத்திகரிக்க பிளான்ட் வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

கீழக்கரைக்கும் ஏர்வாடிக்கும் நடுவில் சின்னதாக ஒரு யூனிட் நடத்துகிறோம். பேட்டரி தண்ணீர்தான் பெரும்பங்கு, கொஞ்சம் லேப்களுக்குப் போகிற மிகச் சுத்தமான தண்ணீர். பழைய பிளான்ட்டை மாற்ற ஒரு வெளியூர் சப்ளையரைப் பிடித்து இப்போது கோர்ட் வாசல் வரை வந்து நிற்கிறோம். ஐஸ் பிளான்ட்டோ இறால் ஹேச்சரியோ டயாலிசிஸ் சென்டரோ, இந்தக் கரையில் யார் ஆர்ஓ (தண்ணீரை அழுத்தி உப்பைப் பிரிக்கிற பிளான்ட்) வாங்கினாலும் இதைப் படித்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.

வந்த ஆள் கேட்டது ஒன்றே ஒன்று. "மணிக்கு எத்தனை லிட்டர்ணே வேணும்?" லிட்டரைப் பெருக்கி விலை சொன்னார், மற்றவர்களைவிட நன்றாகவே குறைவு. எங்கள் போர் தண்ணீர் ரிப்போர்ட் இரண்டு கொடுத்திருந்தோம், கார்த்திகை மழைக்குப் பிறகு எடுத்தது ஒன்று, வைகாசியில் எடுத்தது ஒன்று. கோடையில் இறைக்க இறைக்க உப்பு ஏறும் என்பது நம்ம ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மழைக்குப் பிறகு 2,500-க்குள் இருக்கிற டிடிஎஸ் (லிட்டரில் கரைந்திருக்கிற உப்பு, மில்லிகிராமில்) வைகாசியில் 6,000-ஐத் தாண்டிவிடும். அந்த வைகாசி ரிப்போர்ட்டை டிசைன் போட்டவர் பார்க்கவே இல்லை.

சரி, கணக்கைப் பாருங்கள். ஆர்ஓவில் உப்பை வடிகட்டுகிற மெம்பிரேன் 98 சதவீத உப்பைத் தடுத்தாலும் 6,000-இல் 120 தப்பித்து வரும், கண்டக்டிவிட்டி (மின்சாரம் கடத்துகிற அளவு, உப்பு கூடினால் கூடும்) 200 மைக்ரோசீமென்ஸுக்கு மேல் காட்டும். அடுத்து அவர்கள் வைத்த, மிச்ச உப்பை மின்சாரத்தால் எடுக்கிற இடிஐ யூனிட்டுக்குள் போகிற தண்ணீர் பொதுவாக 40 மைக்ரோசீமென்ஸுக்குள், கடினத்தன்மை 1 பிபிஎம்முக்குள் இருக்க வேண்டும். ஆக, நடுவில் இரண்டாவது ஆர்ஓ இல்லாமல் நடக்காது, அதைக் கழற்றிவிட்டுத்தான் விலையைக் குறைத்திருக்கிறார்கள். இடிஐ உப்புப் படிந்து அடைத்துக்கொண்டது. கேட்டால் மிக்ஸட் பெட் (உப்பைப் பிடிக்கிற ரெசின் மணிகள் நிரப்பிய தொட்டி) வைத்துக் கொடுத்தார்கள், அது எக்ஸ்ட்ரா பில். அதில் ரெசின் சீக்கிரமே தீர்ந்துபோய், அதைப் புதுப்பிக்க ஆசிட்டும் காஸ்டிக்கும் வாங்கியே லாபம் கரைகிறது.

தேவையான இடத்தில் கை வைத்தவர்கள், தேவையில்லாத இடத்தில் தாராளமாக இருந்தார்கள். 18 மெகாஓம் தண்ணீர் (உப்பே இல்லாத அளவுக்குச் சுத்தம்) என்று பெருமையாக எழுதி, மொத்த உற்பத்திக்கும் கடைசிச் சுத்தத்துக்கான பாலிஷிங் ரெசின், யுவி விளக்கு எல்லாம் சேர்த்திருந்தார்கள். 18.2 என்பது கம்ப்யூட்டர் சிப் தயாரிக்கிற இடத்தில் கேட்கிற சுத்தம். பேட்டரிக்கு எதற்கு? லேப்புக்குப் போகிற கொஞ்ச லிட்டருக்குத் தனி பாலிஷர் போதும். இதில் வேடிக்கை, அந்தத் தண்ணீரைச் சாதா பிளாஸ்டிக் டேங்கில் விட்டார்கள். காற்றில் இருக்கிற கார்பன் டை ஆக்சைடு கரைந்தாலே 18 நிற்காது.

பைப், பம்ப் விஷயமும் இப்படித்தான். கொட்டேஷனில் வெறும் "எஸ்எஸ்" (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) என்று இருந்தது, வந்தது 304 கிரேடு. உப்புத் தண்ணீரும் உப்புக் காற்றும் சேர்ந்து வெல்டிங் ஓரமெல்லாம் புள்ளி புள்ளியாக அரித்துவிட்டது. உப்பை இதைவிடத் தாங்குகிற 316-க்குக் காசு கூடத்தான், ஆனால் கிரேடைக் காகிதத்தில் எழுதி வாங்குங்கள். ரிஜெக்ட் தண்ணீர் (ஆர்ஓ வெளியே தள்ளுகிற உப்புத் தண்ணீர்) எத்தனை சதவீதம், எங்கே விடுவது, ஹை பிரஷர் பம்புக்கு எத்தனை யூனிட் கரண்ட், இதெல்லாம் அதே காகிதத்தில் வரட்டும்.

முக்கியமாக, எந்த டிடிஎஸ் உள்ளே வந்தால் எந்தத் தரம் வெளியே வரும் என்று உங்கள் கோடை ரிப்போர்ட்டை வைத்துக் கையெழுத்து வாங்குங்கள். கடைசித் தவணையை வைகாசி ஓட்டம் பார்த்த பிறகே கொடுப்பதாகப் பேசுங்கள். எங்களுடையது இன்னும் எங்கள் கையில்தான் இருக்கிறது, அதற்குத்தான் இப்போது வக்கீல் நோட்டீஸ் விட்டிருக்கிறார்கள். விஷயம் கேஸ் வரை வந்திருப்பதால் பெயரை இங்கே போட முடியாது.