நல்லூர்ப் பக்கத்துக் கண்காட்சி: சூட்கேசும் சேலையும்

நல்லூருக்குப் பக்கத்தில நடுவில முற்றம் வைச்ச ஒரு பழைய நாற்சார் வீட்டில நடக்கிற புலம்பெயர்வுக் கண்காட்சிக்கு அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனன். காசு இல்லை, செருப்பை மட்டும் வாசலில கழட்ட வேணும்.

முதல் அறை எனக்குப் பிடிக்கேல்லை. தொங்கவிட்ட சூட்கேசுகள், முள்ளுக்கம்பி. இடம்பெயர்வு எண்டால் சூட்கேஸ்தானோ? 1995 ஒக்டோபர் 30 சண்டைக்குப் பயந்து யாழ்ப்பாணத்து வலிகாமப் பகுதியை விட்டு வெளிக்கிட்ட சனத்தில எத்தனை பேரிட்ட அது இருந்தது? எங்களிட்ட ஒரு சைக்கிளும் ரெண்டு உரப்பையும்தான். மழைக்குள்ள நாவற்குழிப் பாலம் தாண்டவே விடிஞ்சிட்டுது.

ஆனா உள்விறாந்தையில ஒரு வெள்ளைச் சேலை. அதில ஒரு காணி உறுதியை, அதுதான் காணிப் பத்திரத்தை, எழுத்துக்கு எழுத்து நூலால தைச்சிருக்கினம்: 2 பரப்பு 7 குழி, வடக்கு ஒழுங்கை, கிணற்றில பங்கு, பனை, வழிவாய்க்கால். அம்மா கண்ணாடியைப் போட்டு, கச்சேரியில, அரசாங்கக் கந்தோரில, வாசிக்கிற மாதிரி சத்தமா வாசிச்சா. கால் மணித்தியாலம் அசையேல்லை.

1990 ஒக்டோபரில புலிகள் 2 மணித்தியால அவகாசம் குடுத்து யாழ்ப்பாண முஸ்லிம்களை வெளியேற்றினதைப் பற்றி ஒரேயொரு சின்னப் படம்: ஆளில்லாத தையல் மெசின். அதைக் கொண்டுபோய் கக்கூசுக்குப் போற மூலையில மாட்டியிருக்கினம். சூட்கேசைக் கழட்டிப்போட்டு இதை நடு அறையில வைச்சிருக்கலாம்.

விளக்க அட்டைகளில ஆங்கிலம் பெரிசு, தமிழ் சின்னன், அதிலயும் எழுத்துப்பிழை. நாலு மணிக்குப் பிறகு போங்கோ, வெக்கை தாங்கேலாது.

வெளிக்கிடேக்க அம்மா அங்க நிண்ட பெடியனிட்ட கேட்டா: "தம்பி, அந்தக் காணியில இப்ப ஆர் இருக்கினம்?"