டயாட்டமா, புரோக்ளோரோகாக்கஸா?

இரண்டும் வெயிலில் உணவு தயாரிக்கும் கடல் நுண்ணுயிர்கள்தான்; குணம்தான் வேறு. புரோக்ளோரோகாக்கஸ் ஒரு பாக்டீரியா, அளவு சுமார் 0.6 மைக்ரோமீட்டர். உலகிலேயே எண்ணிக்கையில் மிக அதிகமான ஒளிச்சேர்க்கை உயிர் இது. ஆனாலும் 1980களில்தான் கண்ணில் பட்டது! சத்து குறைந்த, வெதுவெதுப்பான நடுக்கடலே இதற்குப் போதும்.

டயாட்டம் பாசி வகை. சிலிக்காவால் ஓடு கட்டிக்கொள்ளும். ஆழத்துச் சத்துநீர் மேலேறும் இடங்களில் மளமளவென்று பெருகும். உலக ஒளிச்சேர்க்கையில் ஏறத்தாழ 20 சதவீதம் இதன் பங்கு. ஓடு கனமானது என்பதால் செத்தபின் சீக்கிரம் மூழ்கி, கார்பனை ஆழத்துக்குக் கொண்டுபோகிறது. புரோக்ளோரோகாக்கஸோ பெரும்பாலும் மேல்மட்டத்திலேயே தின்னப்பட்டு, அதன் கார்பன் அங்கேயே சுழல்கிறது.

மீன்வளம் என்று பார்த்தால் என் ஓட்டு டயாட்டத்துக்கே: கோப்பிபாடுகள் (நீரில் மிதந்து வாழும், இறால் இனத்துக்கு உறவான குட்டி உயிர்கள்) அதை நேரடியாக மேயும், மீன்கள் கோப்பிபாடுகளைத் தின்னும். சரி, கடல் சூடாகி நீரடுக்குகள் கலக்காமல் போனால்? சத்து மேலே வருவது குறையும். டயாட்டத்துக்குத்தான் முதலில் திண்டாட்டம்.