ஓடை ஜெனரேட்டருக்கு நியோடிமியமா, ஃபெரைட்டா?

கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் ஓடையில் சின்ன ஜெனரேட்டர் வைக்க நினைப்பவர்கள் எந்தக் காந்தம் போடுவது என்றுதான் குழம்புகிறார்கள்.

விலை: ஃபெரைட் மலிவு. நியோடிமியம் பல மடங்கு.

வலு: நியோடிமியம் சுமார் 1.2 டெஸ்லா (காந்த வலுவின் அலகு), ஃபெரைட் 0.4 தான், அதே மின்சாரம் எடுக்க ரோட்டார் (காந்தங்கள் பதித்த சுழலும் பகுதி) பெரிதாகும், எடையும் ஏறும்.

ஈரம்: நம் மலை மூடுபனிக்கு இதுதான் முக்கியம். நியோடிமியத்தின் நிக்கல் பூச்சு ஓரிடத்தில் கீறினாலும் துரு உள்ளே புகுந்து காந்தம் பொடியாக உதிரும், அதனால் எபாக்ஸி பிசின் ஊற்றி மூடியே ஆக வேண்டும். ஃபெரைட்டே இரும்பு ஆக்ஸைடுதான், துருப்பிடிக்காது.

சூடு: சாதாரண நியோடிமியம் 80 டிகிரியைத் தாண்டினால் வலு இழக்கும், ஃபெரைட் 250 வரை தாங்கும்.

ஓடையோரம் எடை ஒரு பொருட்டே இல்லை, ஃபெரைட் போடுங்கள். மேட்டில் கம்பத்தின் உச்சிக்கு ஏற்றும் காற்றாலை என்றால் சரி, நியோடிமியம்.