முப்பது நொடியை முப்பது முறை சொல்லும் வங்கிச் செயலி: ஆறு வருட அனுபவம்

போன வாரம் கரூரிலிருந்து பழைய நண்பர் ஒருவர் கூப்பிட்டார். கண் நீர் அழுத்தத்தால் அவருக்குப் பார்வை வேகமாகக் குறைந்துகொண்டு வருகிறது. "மாப்ள, உன் பேங்க் ஆப் டாக்பேக்கில ஒழுங்கா ஓடுதா? நானும் அதையே போட்டுக்கவா?" என்று கேட்டார். ஓடுகிறது என்று சொல்ல வாய் வரவில்லை. ஓடவில்லை என்று சொன்னால் அது பொய். எழுதி அனுப்புகிறேன் என்றேன். டாக்பேக் என்பது பார்வையற்றவர்களுக்காகத் திரையில் இருப்பதை வாய்விட்டு வாசிக்கும் ஆண்ட்ராய்டு வசதி. நானும் அதைக் கேட்டுத்தான் போனை ஓட்டுகிறேன்.

வங்கியின் பெயர் இங்கே வேண்டாம். 2019-இல் நான் இதைப் போட்டபோது பாதிப் பட்டன்களுக்குப் பெயரே கிடையாது. விரல் வைத்தால் "பட்டன்" என்று மட்டும் சொல்லும். என்ன பட்டன் என்பது நம் சாமர்த்தியம். டாக்பேக்கில் நாமே பெயர் வைக்கும் வசதி இருக்கிறது, வைத்தேன். அடுத்த அப்டேட்டில் எல்லாம் போச்சு. அப்புறம் எண்ணிக்கை முறைக்கு மாறினேன்: முகப்பிலிருந்து விரலை வலப்பக்கம் ஒன்பது தடவை தள்ளினால் (ஒரு தள்ளலுக்கு ஒரு பட்டன் நகரும்) பணம் அனுப்பும் இடம். ஒரு நாள் நடுவில் விளம்பரம் ஒன்றைச் செருகிவிட்டார்கள். ஒன்பதாவது தள்ளலில் தனிநபர் கடன் விண்ணப்பத்துக்குள் போய் நின்றேன்.

போன வருடம் பெரிய அப்டேட் வந்தது. உண்மையிலேயே அசந்துபோனேன். எல்லாப் பட்டனுக்கும் பெயர். கணக்கு எண்ணைக் கோடிக் கணக்காக வாசிக்காமல் ஒவ்வொரு இலக்கமாகச் சொல்கிறது. டாக்பேக்கில் திரையை மறைக்கும் வசதியைப் போட்டுக்கொண்டு, காதில் ஒரு இயர்போனுடன், தஞ்சாவூர் பஸ்ஸில் உட்கார்ந்தபடி இருப்பைப் பார்க்கிறேன். திரை கறுப்பாக இருக்கும். பக்கத்தில் இருந்தவர் ஒருமுறை, "சார், போன் ஆஃப் ஆயிருக்கு" என்று அக்கறையாகச் சொன்னார். நன்றி சொல்லிவிட்டு மின்கட்டணத்தைக் கட்டினேன்.

இங்கேதான் ஓடிபி திரை வருகிறது.

அந்தத் திரையில் 30 நொடிக் கடிகாரம் ஒன்று ஓடுகிறது. ஒவ்வொரு நொடியையும் டாக்பேக் வாய்விட்டுச் சொல்கிறது. இருபத்தொன்பது, இருபத்தெட்டு, இருபத்தேழு. எஸ்எம்எஸ்ஸில் கேட்டு மனதில் வைத்துக்கொண்டு வந்த ஆறு இலக்கத்தை நான் தட்ட வேண்டும். விரலுக்கு அடியில் எந்த எண் இருக்கிறது என்பதையும் டாக்பேக்தான் சொல்ல வேண்டும். நான்கைத் தொட்டால் "நா" என்பதற்குள் "இருபத்தாறு" வந்து விழுகிறது. எது ஓடிபி, எது கடிகாரம்? இரண்டு விரலால் தட்டி வாயை அடைத்தால் அடுத்த நொடி மறுபடி ஆரம்பித்துவிடும். சந்தைக்கடை நடுவில் நின்று சில்லறை எண்ணுவது மாதிரி.

இதில் என்னை உண்மையில் எரிச்சலூட்டும் விஷயம் வேறு. ஆண்ட்ராய்டில் திரையில் ஏதாவது எழுத்து மாறினால் டாக்பேக் தானாக அதைக் கத்தாது. 'லைவ் ரீஜன்', அதாவது மாறினால் உடனே சொல்ல வேண்டிய இடம், என்று செயலியை எழுதியவர் குறித்து வைத்தால்தான் சொல்லும். அதாவது, நமக்கு உதவ வேண்டும் என்று நினைத்தே ஒருவர் இதைச் செய்திருக்கிறார். அதிலும் பேச்சை இடைமறிக்காத 'பொலைட்' என்ற வகையை விட்டுவிட்டு, மேலேறி வரும் 'அசர்ட்டிவ்' வகையை எடுத்திருப்பார் போல. முடியும்போது ஒரே ஒருமுறை சொன்னால் போதாதா? பார்வையற்ற ஒருவரைக் கூப்பிட்டு, பத்து நிமிடம் பக்கத்தில் உட்கார வைத்திருந்தால் தெரிந்திருக்கும். மூன்று முறை எழுதினேன். மூன்று முறையும் "உங்கள் கருத்துக்கு நன்றி" வந்தது.

இத்தனைக்கும் அந்த 30 நொடி, ஓடிபி காலாவதியாகும் நேரம்கூட இல்லை. 'மறுபடி அனுப்பு' பட்டன் உயிர்பெறுவதற்கான நேரம்! இதைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று மாதம் ஆனது. இப்போதெல்லாம் கையைக் கட்டிக்கொண்டு பூஜ்யம் வரும்வரை காத்திருந்து, அப்புறம் நிதானமாகத் தட்டுகிறேன்.

ரிசர்வ் வங்கி 2020 ஜனவரியில் வெளியிட்ட 'மணி' என்ற செயலியை நினைத்துக்கொள்கிறேன். நோட்டைக் காட்டினால் எத்தனை ரூபாய் என்று சொல்லும், இணையம்கூட வேண்டாம். நல்ல நோட்டா கள்ள நோட்டா என்று சொல்லாது, சொல்வதாகப் பீற்றிக்கொள்ளவும் செய்யாது. ஒரு வேலை, அதோடு சரி.

நண்பருக்கு ஒரு எச்சரிக்கை. வீடியோ கேஒய்சியில், அதாவது வீடியோவில் நம்மை அடையாளம் சரிபார்க்கும்போது, கண்ணைச் சிமிட்டச் சொல்வார்கள். பார்வையற்றவர்களும் அமிலவீச்சில் முகம் சிதைந்தவர்களும் இதற்காக உச்ச நீதிமன்றம் வரை போய், 2025 ஏப்ரல் 30 அன்று தீர்ப்பு வாங்கினார்கள். டிஜிட்டல் சேவையை அணுகுவது வாழ்வுரிமையின் பகுதி என்றது நீதிமன்றம். ஆனாலும் அதற்கு மட்டும் நேரில் கிளைக்கே போய்விடுங்கள்.

மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு இரண்டு. கடைசி அப்டேட்டுக்கு முன்னால் மூன்று கொடுத்திருந்தேன். செயலி அப்போது இதைவிட மோசம் என்பது எனக்கும் தெரியும். இருக்கட்டும்.

ஆனாலும் நண்பரிடம் உடனே போடச் சொல்லிவிட்டேன். இப்போது அவருடைய ஏடிஎம் கார்டும் ரகசிய எண்ணும் மச்சினரிடம் இருக்கின்றன. நல்ல மனிதர்தான். ஆனாலும் நூறு ரூபாய் எடுக்கக்கூட மச்சினருடைய நேரத்துக்குக் காத்திருக்க வேண்டியிருக்கிறது.

நேற்று இரவு நண்பர் தன் மகளின் போனிலிருந்து கூப்பிட்டார். பின்னால் அவருடைய போன் இருபத்திரண்டு, இருபத்தொன்று என்று எண்ணிக்கொண்டிருந்தது. "என்னடா இது?" என்றார். "கையை எடுத்துடு மாப்ள, முடியட்டும்" என்றேன். இரண்டு பேரும் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தோம்.