நீரிழிவோடு கல்லூரிக்குப் போகிறவருக்கு யார் துணை? நான்கு வழிகள், ஓர் அலசல்

முதல் வகை நீரிழிவு (உடலில் இன்சுலின் சுரக்காமல், தினமும் வெளியிலிருந்து செலுத்த வேண்டிய வகை) உள்ள பிள்ளை கல்லூரி விடுதிக்குப் போகும்போது, அதுவரை பெற்றோர் பாதி சுமந்த வேலை முழுவதும் அந்தப் பிள்ளையின் தலையில் வந்து விழுகிறது. மருத்துவரைப் பார்ப்பது சில மாதங்களுக்கு ஒருமுறைதான். இடைப்பட்ட நாட்களில் கைகொடுப்பவர் இன்னொரு மாணவராகத்தான் இருக்க முடியும். உலக சுகாதார நிறுவனமே 2007-இல் நீரிழிவில் சகநோயாளர் ஆதரவு பற்றித் தனியாக ஒரு கலந்தாய்வு நடத்தியது. ஆனால் அந்த ஆதரவு எந்த வடிவில் கிடைக்கிறது என்பதில் நிறைய வேறுபாடு இருக்கிறது.

பலருக்கும் முதலில் தோன்றுவது வளாகத்தில் கூடும் குழு. நிர்வாகத்திடம் பேச இதுதான் சரியான கருவி. தேர்வு அறைக்குள் குளுக்கோஸ் மாத்திரையும், உடலில் ஒட்டிய சர்க்கரை சென்சாரின் அளவைக் காட்டும் கைபேசியும் கொண்டுபோக ஒருவர் கேட்டால் அது சலுகை. குழுவாகக் கேட்டால் விதியாகிவிடும். ஆனால் நடத்துகிற மாணவர் படிப்பை முடித்துப் போனதும் குழு கலைந்துவிடுகிறது. நோயை மறைத்து வைத்திருப்பவர், அதாவது துணை அதிகம் தேவைப்படுபவர், அங்கே தலைகாட்டுவதே இல்லை.

அவருக்கு இணையக் குழு நல்லது. பெயர் சொல்ல வேண்டாம். இரவு இரண்டு மணிக்கும் யாராவது விழித்திருப்பார்கள். எனக்கு அதில் இரண்டு கவலைகள். முதலாவது, ‘இன்னும் இரண்டு யூனிட் போடு’ என்கிற அறிவுரை. ஒரே ஒரு யூனிட் இன்சுலின் இரத்தச் சர்க்கரையை ஒருவருக்கு டெசிலிட்டருக்கு 30 மில்லிகிராம் இறக்கும், இன்னொருவருக்கு 80 இறக்கும். முகம் தெரியாதவர் சொல்லும் அளவைக் கேட்டு ஊசி போடுவது ஆபத்து. இரண்டாவது, கோடு கிழித்தது போன்ற சர்க்கரை வரைபடங்களையே எல்லோரும் பகிர்வது. ஏற்ற இறக்கத்தோடு போராடும் மாணவர் அதைப் பார்த்துத் தன்னையே நொந்துகொள்கிறார்.

என் தேர்வு மூன்றாவது வழி: அதே கல்லூரியில் நீரிழிவோடு இரண்டு ஆண்டு கழித்த ஒரு சீனியர், புதிதாக வந்த ஒருவருக்குத் துணை. மருத்துவரிடம் கேட்கக் கூச்சப்படும் கேள்விகள் இங்கேதான் வெளியே வருகின்றன. மது அதில் ஒன்று. கல்லீரல் மதுவைச் சிதைப்பதில் இறங்கிவிட்டால், சர்க்கரை குறையும்போது புதிதாகக் குளுக்கோஸ் தயாரித்துத் தரும் வேலை தடைபடுகிறது. அதனால் குடித்துப் பல மணி நேரம் கழித்து, தூக்கத்தில்கூட சர்க்கரை சரியலாம். பார்ப்பவர்கள் போதை என்றே நினைப்பார்கள். இதைப் பிரசங்கமாக்காமல் சொல்ல ஒரு சீனியரால் முடியும். அதேபோல, வாந்தி எடுத்துச் சாப்பிட முடியாத நாளில் ‘இன்சுலினும் வேண்டாம்’ என்று முடிவெடுப்பது எத்தனை பேருக்கு இயல்பாகத் தோன்றுகிறது! ‘நீண்ட நேர இன்சுலினை நிறுத்தாதே, கீட்டோன் பார், மருத்துவரை அழை’ என்று உடனே சொல்ல ஒருவர் பக்கத்தில் இருந்தால், இன்சுலின் போதாமல் கீட்டோன் என்ற அமிலம் இரத்தத்தில் சேரும் கீட்டோன் நச்சு நிலைக்குப் போகாமல் காக்கலாம். இதிலும் குறை உண்டு. இருவருக்கும் ஒத்துப்போகவில்லை என்றால் உறவு கசந்துவிடும். சீனியரும் தன் நோயோடு போராடுபவர்தான். மாற்றிக்கொள்ளும் உரிமை இருவருக்கும் முதல் நாளே சொல்லப்பட வேண்டும்.

நான்காவது, அறைத்தோழர். அவருக்கு நீரிழிவு இல்லை. இன்சுலின் போட்டுக்கொண்டு வாழ்வதன் அலுப்பும் புரியாது. ஆனாலும் விடியற்காலை மூன்று மணிக்கு அறையில் இருப்பவர் அவர்தான். இரத்தச் சர்க்கரை 70-க்குக் கீழே போனால் வேகமாகச் சேரும் சர்க்கரை 15 கிராம், 15 நிமிடம் கழித்து மறுபடி சோதனை என்பதைக் கற்றுக்கொள்ள அரைமணி நேரம்கூட ஆகாது. மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊட்டக்கூடாது, இன்சுலின் கொடுக்கவே கூடாது. சர்க்கரையை உயர்த்தும் அவசர மருந்தான குளுக்ககானைக் கொடுத்துவிட்டு ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். சென்சார் எச்சரிக்கையை அவர் கைபேசிக்கும் வரும்படி செய்யலாம். ஆனால் தன் எண்களை யார் பார்க்கலாம் என்பதை மாணவரே முடிவு செய்யட்டும், பெற்றோர் அல்ல.

சீனியர் கிடைக்காத கல்லூரியில் இணையக் குழுவைப் பேச்சுத்துணைக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். இன்சுலின் அளவை மருத்துவரிடமே கேளுங்கள். அறைத்தோழருக்கோ மாற்றே கிடையாது. வகுப்புகள் தொடங்கும் முன்பே அவரிடம் பேசிவிடுங்கள். குளுக்ககான் பெட்டியைப் பூட்டிய அலமாரியில் வைக்காமல் அவர் கைக்கு எட்டும் இடத்தில் வைத்து, அதன் காலாவதித் தேதியையும் காட்டிவிடுங்கள்.